அக்காவுக்கு அனுப்பி நானே வாசித்த கடிதம்

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதைத் திறந்தது நான். கடவுச்சொல் வைத்ததும் நான்தான். என் மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டும் சேர்ந்தது அது. அந்தப் பெட்டியில் அக்காவுடையது என்று சொல்ல அவருடைய பெயரைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று வருடமாக அதில் வந்த கடிதங்களை நானே வாசித்தேன், நானே பதில் போட்டேன், வேண்டாததை நானே அழித்தேன். இது சரியா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எங்கள் ஆட்களில் யார் இப்படிச் செய்யவில்லை? வெளிநாட்டில் இருப்பவர்களின் வங்கிப் புத்தகமும் காணி உறுதியும் வீட்டைப் பூட்டிய திறப்பும் இங்கே யாரோ ஒரு சொந்தக்காரரின் அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, பெரியம்மாவின் மகள். ஆனால் ஒரே வளவில் வளர்ந்தோம். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஓர் அறைக்குள் இரண்டு குடும்பமும் அடைந்து கிடந்த காலத்தில், என்னுடைய பள்ளிக்கூடச் சட்டையைக் கையால் தைத்தவர் அவர். அளவெடுக்கவில்லை. ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், வெட்டினார், தைத்தார், பொருந்தியது. பெரியம்மாவின் செத்தவீட்டுக்குத் தன் மகன் எடுத்துக் கொடுத்த விமான ரிக்கெற்றில் வந்தபோதும், பதினைந்து வருடம் கழித்து, என்னைக் கேட்காமலே என் தேத்தண்ணிக்கு ஒன்றரைக் கரண்டி சீனி போட்டுத் தந்தார். என் கணவர் அதை இன்றைக்கும் மறந்துபோவார்.

தெல்லிப்பழையில் எங்கள் வீட்டின் பக்க அறையில் நான் தையல் கடை நடத்துகிறேன். கடை என்கிறேனே தவிர, பெயர்ப்பலகை கிடையாது, வாங்க வருபவர் யாரும் வாசல் படலை திறந்து வருவதும் கிடையாது. கடை இருப்பது இணையத்தில். வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பெண்கள் தளத்தில் துணியைத் தெரிந்து, அளவை அனுப்பினால், சாறி பிளவுஸ் தைத்துப் பார்சலில் அனுப்புவோம். அங்கே தைக்கக் கொடுத்தால் கூலி கண்ணைக் கட்டும், அதுவும் கையைத் தூக்க முடியாதபடி தைத்துக் கொடுப்பார்கள் என்பது அவர்களின் குறை. நான் வெட்டுவேன், நாலு பெண்கள் தைப்பார்கள், படம் எடுத்துத் தளத்தில் போடுவதும் பார்சல் கட்டுவதும் திரும்பவும் நான்.

இப்படிப்பட்ட கடைகளுக்கு ஆள் பிடித்துத் தருவதற்கென்றே இணையத்தில் இடைநிறுவனங்கள் இருக்கின்றன. அதில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி இணைப்புக் கொடுப்பார்கள். அந்த இணைப்பை அவர் தன் ஆட்களுக்கு அனுப்ப, அதை அழுத்தி வந்து யாராவது வாங்கினால், விற்ற விலையில் ஒரு பங்கு அவருக்குக் கொமிசனாகச் சேரும். தரகர் வேலைதான். கலியாணத் தரகர் வாயால் செய்வதை இவர்கள் விரலால் செய்கிறார்கள்.

அக்கா இதைக் கேள்விப்பட்டதும் உடனே பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் ஒண்டைத் தா பிள்ளை. இஞ்சை கோயிலுக்கு வாறவையள், பிறந்தநாளுக்குக் கூடுறவையள் எல்லாரையும் எனக்குத் தெரியும்.”

“அதுக்கு ஈமெயில் வேணும் அக்கா. படிவம் நிரப்பவேணும்.”

“உந்த ஈமெயில் கீமெயில் எல்லாம் எனக்குச் சரிவராது. நீயே எல்லாத்தையும் செய்துவிடு. எனக்கு லிங்கை மட்டும் வட்ஸ்அப்பிலை போடு.”

செய்துவிட்டேன். நிபந்தனைகளை வாசித்தேன் என்ற கட்டத்திலும் அக்காவுக்காக நானே அடையாளம் போட்டேன். வாசிக்கவில்லை.

அவருக்குக் காசு எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அத்தான் காலமானபிறகு அவர் மகனோடு இருக்கிறார், பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார். மகன் நல்லவன். கேட்டால் தருவான். கேட்கவேண்டும் என்பதுதான் அக்காவின் வருத்தம்.

“நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருக்கா வரவேணும் பிள்ளை. அவனிட்டைக் கேளாமல், என்ரை காசிலை ரிக்கெற் எடுத்து வரவேணும். அது சேருமட்டும் உங்கையே கிடக்கட்டும். நான் கேக்கேக்கை தா.”

அதன்பிறகு அக்காவின் கைப்பையில் எப்போதும் அளவெடுக்கும் இஞ்சி ரேப் ஒன்று இருந்தது. கோயில் மண்டபத்தில், யாருடைய வீட்டு வரவேற்பறையிலாவது, ஒருமுறை கார் நிறுத்தும் இடத்தில்கூட அளவெடுத்திருக்கிறார். கழுத்து, தோள், கை, சுற்றளவு என்று சிறு துண்டில் எழுதிப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். இணைப்பை அழுத்தி வாங்குவது எப்படி என்று அந்தப் பெண்களுக்குத் தானே பக்கத்தில் நின்று காட்டுவார். அக்கா எடுத்த அளவில் தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மற்ற அளவுகளில் தைத்தவை எத்தனையோ திரும்பி வந்திருக்கின்றன.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணமோ புதுவீட்டுக் குடிபூரலோ, அழைப்பிதழ்க் காட் அடித்து அனுப்பினால் மட்டும் எங்களுக்கு அழைப்பு ஆகாது. வந்து சொல்லவேண்டும். வெளிநாடு என்றால் தொலைபேசி எடுத்தாவது வாயால் சொல்லவேண்டும். எங்கள் சித்தப்பா தன் மகளின் கலியாணத்துக்குக் காட்டைத் தபாலில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அவருக்கு ஆயிரம் அலுவல். அப்பா காட்டை மேசையில் வைத்துவிட்டு, “காட் வந்தது. சொல்லேல்லை” என்றார். போகவில்லை. சாகும்வரைக்கும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பாவின் பக்கம் நின்று ஆக உரத்துக் கத்தியவள் நான். கடதாசி அனுப்பிவிட்டால் சொன்னதாகிவிடுமா என்று சித்தியின் முகத்துக்கு நேரே கேட்டேன்.

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கிய கையோடு, இடைநிறுவனத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நீளமான ஆங்கிலம். அமெரிக்காவில் சில மாநிலங்களின் விற்பனை வரி பற்றியது. ஒரு பட்டியலும் இருந்தது, அதில் அக்கா இருக்கும் மாநிலமும் இருந்தது. அச்செடுத்துக்கொண்டு நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு மேல்மாடியில் இருக்கும் கணக்காளரிடம் போனேன். கொழும்பில் படித்துவிட்டு வந்த இளம் ஆள், என்னைவிட ஐந்தாறு வயதுதான் குறைவாக இருக்கும், ஆனால் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“அன்ரி, உங்கடை கடை அந்த மாநிலத்திலை இல்லாட்டி, வாங்கிறவையிட்டை வரி அறவிட்டுத் தா எண்டு முந்தி உங்களைக் கேக்க ஏலாது,” என்றார். “இப்ப கதை வேறை. அங்கை குடியிருக்கிற ஒராளுக்குக் கொமிசன் குடுத்து நீங்கள் ஆள் பிடிச்சால், அந்த ஆள் இருக்கிற இடத்திலை உங்கடை கடையும் இருக்குது எண்டு அந்த மாநில வரிக்காரர் எடுப்பினம். அவையள் குறிச்ச தொகைக்கு மேலை வித்திருந்தால் நீங்கள் வரி அறவிட்டுக் கட்டவேணும். அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“அக்கா இருக்கிறா. அவ அளவும் எடுத்து அனுப்புறவ.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப கடையின்ரை கையும் அங்கைதான் இருக்குது.”

கீழே யாரோ ஒரு மாஸ்டர் பௌதிகம் கத்திக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

“ரெண்டு வழி. ஒண்டு, அந்த மாநிலத்திலை பதிஞ்சு, வரி அறவிட்டு, காலாண்டுக்கு ஒருக்காக் கணக்குக் காட்டுறது. மற்றது, அங்கை இருக்கிற உங்கடை ஆக்களை வெட்டிவிடுறது. கொமிசன் இல்லையெண்டால் கடையும் அங்கை இல்லை. கனபேர் வெட்டித்தான் விடுகினம்.”

பதிந்து தருவதற்கு அவர் கேட்ட கூலி பெரிதில்லை. அதை ஒரு சாட்டாகச் சொல்ல எனக்கு வழியில்லை. எனக்கு வேறொரு நாட்டு அரசாங்கத்தின் படிவத்தில் என் பெயர் இருக்கும் என்ற பயம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படிகளில் ஏறவேண்டுமே என்ற பஞ்சியும் சோம்பலும் இருந்தன. இந்தப் பயத்துக்கும் பஞ்சிக்கும் நான் அன்றைக்கு வைத்த பெயர் வியாபார முடிவு.

அந்த மாநிலத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அக்கா. அவரின் பெயருக்கு நேரே நீக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. கணக்காளரின் மேசைக்கு முன்னால் இருந்தபடியே அழுத்தினேன். அடுத்த நிமிடம் என் கைப்பைக்குள் தொலைபேசி சிணுங்கியது. அக்காவின் பெட்டி என் தொலைபேசியில்தானே இருக்கிறது. திறந்தேன். எங்களுக்கிடையிலான கூட்டு இத்துடன் முடிகிறது, இதுவரை நீங்கள் செய்த பங்களிப்புக்கு எங்கள் நன்றி என்று என் கடையின் பெயரில் நாலு வரி. நான் அனுப்பிய கடிதம் எனக்கே வந்தது. வாசித்தேன், மூடினேன், தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டேன். இடைநிறுவனத்தின் பதிவேட்டில் அறிவித்தல் திறந்து வாசிக்கப்பட்டது என்று பதிந்திருக்கும்.

அக்காவுக்குச் சொல்லத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுப்போம் என்றால் அவர் கோயிலுக்குப் போயிருப்பார். அடுத்த கிழமை பேரனுக்குக் காய்ச்சல் என்று வட்ஸ்அப்பில் போட்டிருந்தார், அந்த நேரத்தில் இதைச் சொல்லலாமா? பிறகு எனக்கு நவராத்திரி ஓர்டர்கள். மூன்றாவது கிழமை அக்காவிடமிருந்து படம் வந்தது. மூன்று பேரின் அளவு, அவருடைய சரிந்த கையெழுத்தில். இப்போது சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். “கிடைத்தது அக்கா” என்று எழுதினேன், கும்பிடும் கை ஒன்றும் போட்டேன்.

அதற்குப் பிறகு சொல்வது முன்னையிலும் கஷ்டமாகிவிட்டது. அவருடைய பழைய இணைப்பை அழுத்தினால் கடை திறக்கத்தான் செய்தது. யார் கூட்டிவந்தார் என்று பதிவதுதான் நின்றுபோயிருந்தது. இங்கே மழை பெய்த மாதங்களில் அங்கே பனி. கால் வழுக்குகிறது, செருப்பை மாற்றவேண்டும் என்று குரல் பதிவில் சொல்லிக்கொண்டே அக்கா இன்னொரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனார். துண்டுகள் வந்தன, ஓர்டர்கள் வந்தன, நான் தைத்து அனுப்பினேன். வரியும் இல்லை, கொமிசனும் இல்லை. என் கடைக்கு அதைவிட நல்ல ஒன்பது மாதம் வந்ததில்லை. தை மாதம் துணியின் ஓரம் அடிக்கும் புதிய ஓவர்லொக் மெசின் ஒன்று வாங்கினேன். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துப் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பினேன். “நல்லா வருவாய் பிள்ளை” என்று பதில் வந்தது. வெட்கம் கெட்டவள் நான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அந்த மெசினில் தைத்தேன்.

வைகாசியில் ஒரு காலை, தையல் பெண்கள் வரமுன், அக்கா தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, இந்தமுறை கொடியேத்தத்துக்கு வாறன். ரிக்கெற்றுக்குக் காணுமோ எண்டு பார்த்துச் சொல்லு.”

“காணும் அக்கா,” என்றேன். என் வாய் அவ்வளவு கெதியாகப் பொய் சொன்னது. என் காசைப் போட்டு நிரப்பிவிடலாம், அவருக்கு ஒருநாளும் தெரியவராது என்று அந்த ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

“அப்ப அந்தக் கணக்குத் துண்டையும் அனுப்பு. எந்த மாதம் எவ்வளவு எண்டு அதிலை கிடக்குமெல்லே? மகனுக்குக் காட்டவேணும். அம்மா உழைச்சுப் போட்டா எண்டு அவன் ஒருக்காப் பார்க்கட்டும்.”

அந்தத் துண்டில் ஆவணிக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பூச்சியம்.

இரண்டு நாள் விழுங்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நானே தொலைபேசி எடுத்தேன். வரி விதியைச் சொன்னேன், இரண்டு வழியைச் சொன்னேன், எந்த வழியை எடுத்தேன் என்று சொன்னேன். அக்கா குறுக்கே பேசவில்லை. நான் முடித்தபோது பின்னால் குழாயில் தண்ணீர் ஓடியது, அவர் அதைப் பூட்டினார்.

“எப்ப நிப்பாட்டினனீ?”

“போன ஆவணியிலை.”

“மார்கழியிலை அந்தப் பனிக்குள்ளை போய் நாலு பேருக்கு அளவெடுத்து அனுப்பினன். அது?”

பதிலையும் அவரே சொன்னார்.

“கிடைச்சது அக்கா எண்டு போட்டனீ.”

“கடிதம் அனுப்பினது அக்கா. அப்பவே அனுப்பினது.”

“ஆருக்கு?”

“உங்கடை ஈமெயிலுக்கு” என்று தொடங்கினேன். சொல்லும்போதே என் காதில் அது விழுந்தது. சித்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அழுதேன். அழுவதுகூட அவரைச் சமாதானம் சொல்ல வைப்பதற்கோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அக்கா சமாதானம் சொல்லவில்லை.

“நான் அந்தக் காசை அனுப்பிவிடுறன் அக்கா. கூட்டியே அனுப்புறன். ரிக்கெற்றை எடுங்கோ.”

“உழைச்ச காசெண்டால் தா. சும்மா தாறதெண்டால் வேண்டாம். சும்மா தாறதுக்கு எனக்கு மகன் இருக்கிறான்.” பிறகு, அதே குரலில், “அந்தப் பெட்டியின்ரை திறப்பைச் சொல்லு,” என்றார்.

கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பேத்தியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

“உன்ரை மகளின்ரை பேர்,” என்றார். அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்றைக்கே நல்லூர் மாடிப் படியில் ஏறினேன். உழைத்த காசாகக் கொடுக்கவேண்டும் என்றால் அதைக் கொமிசனாகக் கொடுக்கவேண்டும். கொமிசனாகக் கொடுத்தால் அந்த ஒன்பது மாதமும் என் கடை அங்கே இருந்ததாகிவிடும். இருந்ததென்றால் அந்த மாதங்களின் வரியையும் கட்டவேண்டும், வாங்கியவர்களிடம் அறவிடாத வரியை, என் கையிலிருந்து. கணக்காளர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அன்பளிப்பெண்டு அனுப்பினால் ஒரு தொல்லையும் இல்லை அன்ரி. ஆரும் வலியப்போய்ப் பழையதைக் கட்டுறேல்லை.”

“கட்டவேணும்,” என்றேன். “அவ உழைச்சவ.”

பதிந்தோம். படிவத்தில் என் பெயரைப் போட எனக்கு இருந்த பயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். பழைய வரியைக் கட்ட ஓவர்லொக் மெசினை விற்றேன். அக்காவின் துண்டுகள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் தேடி எடுத்து, ஒவ்வோர் ஓர்டரையும் இடைநிறுவனத்தைக் கொண்டு அவருடைய பெயரில் ஏற்றச் செய்து, சேர்ந்த காசை அவருக்கு அனுப்பி, மாதம் மாதமாகத் தொகை விழுந்த கணக்குத் துண்டை அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் பழக்கத்தில் என் தொலைபேசியில் அவருடைய பெட்டியைத் திறந்தேன். கடவுச்சொல் பிழை என்று காட்டியது.

அக்கா தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தபோதெல்லாம் மணி அடித்து நின்றது. ஆடியில் ஒரு நாள் அந்த முகவரியிலிருந்து கடிதம் வந்தது. அந்த முகவரியில் நான் எழுதாத முதற்கடிதம். நான் அனுப்பிய கணக்குத் துண்டுக்கு அது பதில் இல்லை. ஆவணியில் அனுப்பிய நாலு வரிக் கடிதத்துக்குப் பதிலாகப் போட்டிருந்தார். “கடிதம் கிடைத்தது. திருவிழாவுக்கு வருகிறேன். நல்லூரில் அறை எடுத்திருக்கிறேன்.” கீழே விடுதியின் விலாசம். எங்கள் வீட்டில் அவருக்கென்று நான் வெள்ளை அடித்து வைத்திருந்த அறையைப் பற்றி ஒன்றுமில்லை.

காட் வந்தது. சொல்லவில்லை. சொல்லாத இடத்துக்குப் போகக்கூடாது என்று வளர்ந்தவள் நான், அதற்காகச் சண்டை பிடித்தவள். கொடியேறி மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போனேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். காலில் புதுச் செருப்பு. வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, கதவை விட்டு விலகி நின்றார். மேசையில் அவருடைய கைப்பை திறந்து கிடந்தது. இஞ்சி ரேப் அதற்குள் இல்லை. நான் கதிரையின் நுனியில் குந்தி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். ரிக்கெற் எடுத்து மிஞ்சிய காசில் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்ததாகச் சொன்னார். மகன் கணக்குத் துண்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டான் என்றும் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் சொன்னார்.

பிறகு எழுந்துபோய் மூலையில் இருந்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். இரண்டு கோப்பையைக் கழுவினார். தேயிலையைப் போட்டார், சீனிப் போத்தலைத் திறந்தார், கரண்டியை எடுத்தார். எடுத்த கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எத்தினை கரண்டி?” என்று கேட்டார்.